நம்ம வேட்பாளர் வாபஸ் வாங்கிட்டா என்ன செய்வது? முதல்முறை களம் இறங்கியவர்களுக்கு

2022 பிப்ரவரி 7, திங்கட்கிழமை. சென்னை மாநகராட்சித் தேர்தலில் வேட்புமனுவைத் திரும்பப் பெற அதுதான் கடைசி நாள். மூன்றே கால் மணிக்கு நான் ஓட்டேரியில் ஒரு அச்சகத்தில் நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் சின்னம் ஒதுக்கிவிடுவார்கள், ராத்திரியே நோட்டீஸ் அடித்துவிடலாம் என்று முன்பணத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "அக்கா வாபஸ் வாங்கிட்டாங்களாம்."

அக்கா சுயேச்சை. தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டால் மனு எழுதி எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்கு நடப்பவர். அவருக்காகத்தான் நான் முதன்முதலாக ஒரு தேர்தலில் வேலை செய்தேன். மூன்று வாரம் ஆபீஸ் விட்டு வந்ததும் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நானும் இன்னும் ஆறு பேரும் வீடு வீடாக ஏறி இறங்கியிருந்தோம். அச்சகக்காரர் பணத்தை என் கையிலேயே திருப்பி வைத்து, "உக்காரும்மா, தண்ணி குடி" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

அன்றைக்கு என்ன செய்வது என்று சொல்ல எனக்கு யாரும் இல்லை. அதற்குப் பிறகு 2024 மக்களவைத் தேர்தலிலும் வேலை பார்த்தேன். புதிதாக வரும் தம்பி தங்கைகள் பலர் இதே நிலையில் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் சொல்வதை, சொல்லும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

முதலில்: என்னதான் நடந்தது?

"விலகிட்டார்" என்ற ஒரு சொல்லுக்குள் நான்கு வேறு வேறு சங்கதிகள் இருக்கின்றன. உங்களுக்கு நடந்தது எது என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க முடியும். வாட்ஸ்அப் குரூப்பில் வருவதை வைத்து முடிவுக்கு வராதீர்கள். வாபஸ் நாளன்று பாதி வதந்திகள் எதிர்த்தரப்பிலிருந்து வருபவை.

மனுவே போடாமல் ஒதுங்கிவிடுவது முதல் வகை. ரஜினிகாந்த் 2017 டிசம்பர் 31 அன்று கோடம்பாக்கம் ராகவேந்திரா மண்டபத்தில் அரசியலுக்கு வருவதாகச் சொன்னார். 2020 டிசம்பர் 3 அன்று, ஜனவரியில் கட்சி என்றார். டிசம்பர் 29 அன்று உடல்நிலையைக் காரணம் காட்டி, கட்சி இல்லை என்று அறிக்கை விட்டார். இடையில் இருந்த மூன்று வருடமும் பூத் கமிட்டி போட்டுக்கொண்டிருந்த ரஜினி மக்கள் மன்றத்துக்காரர்களை எனக்குத் தெரியும். தொகுதிப் பங்கீட்டில் நம்ம தொகுதி கூட்டணிக் கட்சிக்குப் போய், நம்மவருக்கு சீட் கிடைக்காமல் போவதும் இந்த வகையில்தான் சேரும். சட்டப்படி அவர் இன்னும் வேட்பாளராக ஆகவில்லை.

பரிசீலனையில் மனு தள்ளுபடி ஆவது இரண்டாவது. 2017 டிசம்பர் 5 அன்று ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் நடிகர் விஷாலின் மனு தள்ளுபடி ஆனது. சுயேச்சைக்கு முன்மொழிய 10 பேர் வேண்டும். அதில் இரண்டு பேர், கையெழுத்து தங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இங்கே வேட்பாளர் நம்மைக் கைவிடவில்லை. அவரும் நம்மைப் போலவே ஏமாந்து நிற்கிறார், கோபத்தை அவர்மேல் காட்டக் கூடாது. தள்ளுபடி தவறு என்று நம்பினால், சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போடலாம்.

மூன்றாவதுதான் முறையான வாபஸ். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 37-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள், வேட்பாளர் கையெழுத்திட்ட கடிதம் தேர்தல் நடத்தும் அலுவலர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். வேட்பாளரே கொடுக்கலாம். எழுத்தில் அதிகாரம் தந்திருந்தால் முன்மொழிந்தவரோ தேர்தல் ஏஜென்ட்டோ கொடுக்கலாம். கொடுத்த கடிதத்தைத் திரும்ப வாங்க வழியே கிடையாது. இதை நன்றாக மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். என்னோடு வேலை செய்த ஆறு பேரில் இரண்டு பேர் அன்று இரவு பதினோரு மணி வரை அக்கா வீட்டு வாசலில் நின்று கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர் மனம் மாறியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. அந்த வீட்டுக் குழந்தைகள் பயந்ததுதான் மிச்சம்.

நான்காவது, கெடு முடிந்த பிறகு "போட்டியிலிருந்து விலகுகிறேன்" என்று பேட்டி கொடுப்பது. அவர் பெயரும் சின்னமும் மெஷினில் அப்படியே இருக்கும். விழும் ஓட்டு எண்ணப்படும், அதிக ஓட்டு விழுந்தால் அவரே ஜெயித்தவர். இப்படி நடந்தால் உங்கள் முடிவு சிக்கலானது. அவசரப்படாமல் யோசியுங்கள்.

இதையெல்லாம் உறுதிசெய்ய தேர்தல் நடத்தும் அலுவலரின் அலுவலகத்துக்குப் போய் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். படிவம் 7ஏ என்ற பட்டியலில்தான் களத்தில் மிஞ்சியவர்கள் பெயர் இருக்கும். வாக்காளர் உதவி எண்ணான 1950-க்குப் போன் போட்டும் கேட்கலாம். வார்டு தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அது வேறு அமைப்பு. அதற்கு உங்கள் மண்டல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அன்று ராத்திரி

சாப்பிடுங்கள். ஸ்டேட்டஸ் போடாதீர்கள். டிபியில் வேட்பாளர் படம் இருந்தால் அது இருந்துவிட்டுப் போகட்டும், கோபத்தில் மாற்ற வேண்டாம். குரூப்பை விட்டு வெளியேறுவதற்கும் நாளை நேரம் இருக்கிறது. துரோகம், விலைபோனார், முதுகில் குத்தினார் என்றெல்லாம் அன்று எழுதுவது ஸ்கிரீன்ஷாட்டாகி எங்கெங்கோ சுற்றும். மூன்றாம் நாள் உண்மைக் காரணம் தெரியும்போது நீங்களே அதை அழிக்க நினைப்பீர்கள், அப்போது அது உங்கள் கையில் இருக்காது.

வீட்டில் "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்பார்கள். என் அப்பாவும் சொன்னார். பதில் பேசாதீர்கள். அவர்கள் பயம் அது, ஏளனம் இல்லை.

அழுகை, கோபம், அதற்கும் மேலே

ஒரு தலைவருக்காக அழுவது சிறுபிள்ளைத்தனம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் கொடுத்தது மூன்று வாரச் சாயங்காலம் மட்டும் இல்லை. இந்தத் தெரு இப்படியே இருக்க வேண்டியதில்லை என்று முதன்முறையாக நம்பியிருக்கிறீர்கள், அந்த நம்பிக்கையில் அடி விழுந்தால் வலிக்கத்தான் செய்யும். எனக்கு நாலைந்து நாள் சரியாகத் தூக்கம் இல்லை. ஆபீசில் கணக்கைத் தப்பாகப் போட்டேன். ஓட்டு கேட்டுப் போன காலனி வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

சேர்ந்து வேலை செய்தவர்களோடு இருங்கள். தனியாக இருந்தால் வருத்தம் பெருகும். நாங்கள் மறுநாள் காலை ஆறு மணிக்கு மெரினாவுக்குப் போனோம். பேச்சே இல்லை. உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை நடந்து, டீ குடித்துவிட்டு வேலைக்குப் போனோம். நடந்ததை முதலில் பேசியது மூன்றாவது நாள்தான். இது எல்லோருக்கும் பொருந்துமா என்று கேட்டால், சேர்ந்து நடப்பது பொருந்தும் என்பேன். கடற்கரைதான் வேண்டும் என்றில்லை.

இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தலைவருக்காக உயிரை விட்ட தொண்டர்களைப் பெருமையாகப் பேசும் பழக்கம் நம் ஊரில் உண்டு. அந்தத் தொண்டர்களின் வீடுகளில் பிறகு என்ன ஆனது என்று யாரும் மேடையில் சொல்வதில்லை. உங்கள் குழுவில் யாராவது "இனிமே இருந்து என்ன" என்று பேசினால், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரை அன்று தனியாக விடாதீர்கள், வீட்டுக்காரர்களிடம் சொல்லுங்கள். 14416 மனநல உதவிக்கான டெலி மானஸ் எண், 104 தமிழ்நாடு அரசின் உதவி எண். இரண்டிலும் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா அமைப்பிலும் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கே அப்படித் தோன்றினாலும் போனை எடுங்கள்.

வேட்பாளரிடம் பேசுவது

ஒரு வாரம் போகட்டும். கூட்டமாகப் போகாதீர்கள், ஒருவரோ இருவரோ போதும். கேள்வியை ஒன்றாகச் சுருக்கிக்கொண்டு போங்கள்.

ரஜினி முடிவை மாற்ற வேண்டும் என்று 2021 ஜனவரி 10 அன்று வள்ளுவர் கோட்டத்தில் ரசிகர்கள் கூடினார்கள். வெளியூரிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். மறுநாளே, தன்னை மேலும் வேதனைப்படுத்த வேண்டாம் என்று கேட்டு அவர் அறிக்கை விட்டார். வந்தவர்களின் பாசத்தில் குறை இல்லை. ஆனால் விலகியவருக்கும் ஒரு வேதனை இருக்கிறது என்பதை அந்த அறிக்கையைப் படித்தபோதுதான் நான் யோசித்தேன்.

நான் அக்காவைப் போய்ப் பார்த்தது பதினோராவது நாள், தேர்தலுக்கு முந்தின நாள். "வீட்ல நடந்தது உனக்குத் தெரியாது பாப்பா" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் நினைத்ததைச் சொன்னேன்: "வாபஸ் வாங்குறது உங்க உரிமைக்கா. ஒரு நாள் முன்னாடி எங்ககிட்ட சொல்லியிருக்கலாம்." அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, சொல்லியிருக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே போனது நல்லது என்று இன்றும் நினைக்கிறேன். மன்னித்தே ஆக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். எனக்கே கொஞ்சம் மனத்தாங்கல் மிச்சம் இருக்கிறது.

ஏறி இறங்கிய படிகளுக்குத் திரும்பிப் போங்கள்

இந்த முழுக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

என்னை நாலு நாள் தூங்கவிடாதது அக்கா விலகியது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி யோசித்துப் பார்த்தால் கண்ணுக்குள் வந்து நின்றதெல்லாம் வாசல்கள். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்த தாத்தா. "நீ சொல்றேன்னு போடுறேன்" என்ற பூக்காரம்மா. அக்காவின் பெயரைச் சொல்லிக் கேட்டது நான், வாக்குக் கொடுத்ததும் நான். அந்த வாக்குத்தான் உறுத்திக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் காலனியைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறேன்.

முன்பு உங்களோடு ஓட்டு கேட்க வந்தவரையே கூட்டிக்கொண்டு போங்கள், அதே நேரத்துக்குப் போங்கள். வாசலில் நின்றே சொல்லலாம். நான் சொன்னது இவ்வளவுதான்: "அக்கா போட்டியிலேர்ந்து விலகிட்டாங்க. காரணம் எங்களுக்கே முழுசா தெரியாது. உங்ககிட்ட வந்து ஓட்டு கேட்டது நான், அதான் நானே வந்து சொல்றேன்." வேறு யாருக்கும் ஓட்டு கேட்காதீர்கள். அந்தப் பயணத்தில் அதைக் கலந்தால் முன்னால் கேட்டதும் பொய்யாகிவிடும்.

முதல் வீட்டிலேயே வரும் கேள்வியைச் சொல்லிவிடுகிறேன்: "எவ்வளவு வாங்குனாங்களாம்?" பத்தில் ஆறு வீட்டில் என்னிடம் இதைக் கேட்டார்கள். முகம் சிவந்துவிடும். தெரியாததற்குச் சத்தியம் செய்யாதீர்கள், தெரியாததை ஒப்புக்கொள்ளவும் செய்யாதீர்கள். "அப்படி எதுவும் எனக்குத் தெரியாதும்மா. தெரியாததை நான் சொல்லக் கூடாது" என்றால் போதும். சிலர் சிரிப்பார்கள். ஒரு அண்ணன், "உங்களை நம்பி மாமனார்கிட்ட சண்டை போட்டேன்மா" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. நின்று கேட்டுக்கொண்டேன். எல்லா வீட்டுக்கும் போக முடியாது. உறுதியாகப் போடுகிறேன் என்று சொன்னவர்கள் வீட்டுக்காவது போங்கள். நாங்கள் 60 வீடு போனோம், நான்கு நாள் ஆனது. முதல் நாள் கால் நடுங்கியது. நான்காம் நாள் காலனி வழியாகவே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.

நோட்டும் பணமும்

தெருவாரியாகப் பெயர், வீட்டு எண், போன் நம்பர் எழுதிய நோட்டு உங்களிடம் இருக்கும். வாபஸ் வாங்கிய இரண்டாம் நாளே அதைக் கேட்டு ஆள் வரும். மரியாதையாகத்தான் கேட்பார்கள், சில சமயம் காசும் தருவார்கள். கொடுக்காதீர்கள். அக்காவுக்கு என்று நம்பிக் கொடுத்த நம்பர் அது. குரூப்பின் அட்மின் பொறுப்பையும் யாரிடமும் கைமாற்றாதீர்கள். நன்றி சொல்லி, விஷயத்தைச் சொல்லி, குரூப்பை மூடிவிடலாம்.

அக்கம்பக்கத்தில் வசூல் செய்திருந்தால் வரவு செலவை ஒரு தாளில் எழுதி, கொடுத்தவர்களுக்குக் காட்டுங்கள். மீதியைத் திருப்பிக் கொடுங்கள். வாபஸ் வாங்கியவருக்கு டெபாசிட் தொகை திரும்பக் கிடைக்கும், அது உங்கள் வசூலில் கட்டியது என்றால் அதையும் கேட்டு வாங்குங்கள். ஒட்டிய போஸ்டரைக் கிழித்து எடுப்பதும் நம் வேலைதான்.

மற்ற கட்சிக்காரர்கள் வருவார்கள்

வரட்டும். நன்றாக வேலை செய்த பிள்ளைகளை வட்டச் செயலாளர்கள் கவனித்து வைத்திருப்பார்கள். உடனே சேருவதும் தவறில்லை, சேராமல் இருப்பதும் தவறில்லை. ரஜினி விலகிய சில வாரத்திலேயே, விரும்புகிறவர்கள் மன்றத்திலிருந்து விலகி வேறு கட்சியில் சேரலாம் என்று ரஜினி மக்கள் மன்றமே அறிவித்தது. 2021 ஜூலை 12 அன்று அந்த மன்றத்தையும் கலைத்தார்கள். அவரவர் மனசுப்படி பிரிந்து போனார்கள். நான் சொல்வது ஒன்றுதான்: விலகியவரைப் பழிவாங்குவதற்காக எதிர்த்தரப்பில் சேராதீர்கள். சேருகிற கட்சி தெருப் பிரச்சினைக்கு என்ன சொல்கிறது என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

உங்கள் ஓட்டு

இது இன்னும் உங்கள் கையில்தான் இருக்கிறது. மிஞ்சியவர்களின் பிரமாணப் பத்திரத்தைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் பார்க்கலாம். வழக்கு, சொத்து, படிப்பு எல்லாம் இருக்கும். அக்கா எதற்காக நின்றாரோ அதை ஒரு தாளில் மூன்று வரியாக எழுதி, ஒவ்வொருவரோடும் பொருத்திப் பாருங்கள். நான் அப்படித்தான் செய்தேன். மூன்றில் இரண்டு வரிக்குப் பொருந்திய ஒருவருக்குப் போட்டேன்.

நோட்டா, அதாவது யாருக்கும் ஓட்டு இல்லை என்ற பொத்தானை, போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். 2013 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பால் சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் அந்தப் பொத்தான் வந்தது. 2024-இல் இந்தூர் மக்களவைத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் வாபஸ் நாளில் விலகினார். அங்கே நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்தது. ஆனாலும் பாஜக வேட்பாளர் 11 லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். நோட்டா எவ்வளவு வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிக ஓட்டு பெற்றவரே வெற்றியாளர். கோபத்தைப் பதிவுசெய்ய அது பயன்படும். யார் வரக் கூடாது என்பதில் உங்களுக்கு உறுதியான கருத்து இருந்தால் நோட்டா உதவாது. களத்தில் ஒரே ஒருவர் மிஞ்சினால் வாக்குப்பதிவே இருக்காது. அதே வருடம் சூரத்தில் பாஜக வேட்பாளர் அப்படித்தான் போட்டியின்றித் தேர்வானார்.

வீட்டில் இருந்துவிடுவது என்ற யோசனையை மட்டும் நான் ஏற்க மாட்டேன். முதல்முறை ஓட்டுப் போடுகிற எத்தனை பேரை நாம்தான் படிவம் 6 நிரப்பிக் கொடுத்து பட்டியலில் சேர்த்திருப்போம்!

பையில் மிச்சம் இருக்கும் தாள்கள்

ஓட்டு கேட்கப் போன இடத்தில் மக்கள் தங்கள் குறைகளையும் சொல்லியிருப்பார்கள். சிலர் தாளாகவே கொடுத்திருப்பார்கள். வேட்பாளர் போய்விட்டார் என்று அதைத் தூக்கிப் போடாதீர்கள். தெருவிளக்கு, குப்பை, சாலைப் பள்ளம் என்றால் சென்னை மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லிப் புகார் எண் வாங்கி, குறையைச் சொன்னவரிடம் அந்த எண்ணைக் கொடுங்கள். வார்டில் ஏரியா சபைக் கூட்டம் நடக்கும்போது கையில் அந்த எண்களோடு போய் உட்காருங்கள். கவுன்சிலர் யாராக இருந்தாலும் சரி.

திரும்பிப் போன இரண்டாம் நாள், ஹவுசிங் போர்டில் ஒரு பாட்டி நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அது போவட்டும், என் பென்சன் மனு இன்னா ஆச்சு?" என்றார். அக்காவிடம் சேர்க்கச் சொல்லி என்னிடம்தான் கொடுத்திருந்தார். என் பையில், நோட்டீஸ் மாதிரித் தாளுக்கு அடியில் மடித்தபடி இருந்தது. ஆதார் நகல் இருந்தது, ரேஷன் கார்டு நகல் இல்லை. சனிக்கிழமை ஓட்டுப் போட்டோம். அடுத்த வாரம் அரை நாள் லீவு போட்டு, பாட்டியை ஆட்டோவில் இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய் விண்ணப்பத்தைப் பதிந்தோம். பிறகு தாலுகா அலுவலகத்துக்கு இரண்டு முறை அலைந்தோம். முதியோர் உதவித்தொகை அப்போது மாதம் 1,000 ரூபாய். 2023-இல் அது 1,200 ஆனபோது, டிவியில் பார்த்துவிட்டுப் பாட்டிதான் எனக்கு முதலில் போன் செய்தார்.